பூட்டிய அறைக்குப் பின்னால் ஒரு வெற்றிலைக் கொடி

என் மனைவி இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. உடலை எடுப்பதற்கு முன்னால், கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் பஞ்சாங்கம் பார்த்த ஐயர் அறிவித்தார்.

"அவிட்டம் சார். அடைப்பு இருக்கு. ஆறு மாசம்."

முப்பத்தைந்து வருடம் வருவாய்த் துறையில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதலில் இருந்து ஆதரவற்றோர் சான்று வரை எந்தப் படிவத்துக்கு எந்த இணைப்பு வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அடைப்பு எனக்குத் தெரியாத விதி. ஐயர் பொறுமையாக விளக்கினார். சில நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால், பிரிந்த அறையைப் பூட்டிவிட வேண்டும். யாரும் உள்ளே போகக்கூடாது. ரோகிணி என்றால் நாலு மாதம், சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு இரண்டு. அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரைக்கும் ஐந்துக்கும் ஆறு மாதம். அரசாணையின் பின்னால் இணைத்திருக்கும் அட்டவணையை வாசிப்பதுபோல, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னார். எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. பழக்க தோஷத்தில், விதிவிலக்கு ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில போயிருந்தா அடைப்பு கிடையாது சார். வீட்டுல போனாத்தான்."

நாலு நாளைக்கு முன்புவரை அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

ஏன் கொண்டுவந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இங்கேயே வைத்திருந்தாலும் சரி, கொண்டுபோனாலும் சரி என்று டாக்டர் சொன்னபோது, நான் யோசித்தது அவளைப் பற்றி அல்ல. அந்த ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே இறந்தால் இறப்பு அங்கேதான் பதிவாகும். விவரங்களை யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதி அனுப்புவார். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர் விழும். வயதில் இரண்டு கூடும். அப்படி விழுந்த ஒரு தவறைத் திருத்த எத்தனை மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மேசைகளில் ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டில் இறந்தால் நம்முடைய வார்டு, நம்முடைய படிவம், நம்முடைய கையெழுத்து. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிற்பாடு வந்து சரிசெய்ய யாரும் இல்லை என்பதால் எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக இருந்தாக வேண்டும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

இறப்புப் பதிவுப் படிவத்தை ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேதிக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு, மடித்துப் பையில் வைத்தேன். இதை இங்கே எழுதிப் பார்க்கும்போது வாசிக்க நன்றாக இல்லை. ஆனால் நடந்தது இதுதான்.

திருநகரில் எங்கள் வீடு மாடியில். கீழ்த்தளத்தை ஒரு ஆசிரியைக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறிப் படுக்கையறைக் கட்டிலில் கிடத்தினார்கள். கிடத்தியதும் அவள் தலையைப் பின்கதவுப் பக்கம் திருப்பினாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பால்கனி. அங்கே சிமென்ட் தொட்டியில் அவளுடைய வெற்றிலைக் கொடியும், பக்கத்தில் ஒரு மல்லிகைச் செடியும் இருந்தன. அவள் பிறந்த ஊர் சோழவந்தான். அவள் வீட்டு வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு துண்டு கிள்ளிக் கொண்டுவந்து நட்டு, கயிறு கட்டி, வாழைநாரால் கணுவுக்குக் கணு முடிச்சுப் போட்டு ஏற்றிவிட்டிருந்தாள். என் தலை உயரத்துக்கு ஏறியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"கொடியப் பாக்கத்தான கூட்டியாந்தீக?"

"ஆமா," என்றேன்.

அவள் சிரித்தாள். வலி வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பின்கதவைச் சாத்தவிடவே இல்லை. நாலாம் நாள் பகலில், கதவு திறந்திருக்கும்போதே போய்விட்டாள்.

ஆகவே அறை பூட்டப்பட்டது. சாவி பெண் வீட்டார் கையில் இருப்பதுதான் தங்கள் வழக்கம் என்று அவளுடைய அக்கா சொல்ல, அவளுடைய தம்பி, என் மச்சினன், சாவியை இடுப்பில் முடிந்துகொண்டான். பூட்டு என்றால் முத்திரை வேண்டும். தேர்தல் காலத்தில் பெட்டிகள் இருந்த அறைகளுக்கு நான் எத்தனையோ முத்திரை வைத்திருக்கிறேன். ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தேதி எழுதி, பூட்டின் குறுக்கே பசை தடவி ஒட்டி, நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சாட்சிகளையும் போடச் சொன்னேன். ஆறு மாதம் முடியும்வரை இதை யாரும், நான் உட்பட, தொடக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். கொடிக்கால் வேலையில் காய்த்துப்போன விரல்களால் பேனாவைப் பிடித்தபடி மச்சினன் தன் பெரியக்காவிடம் சொன்னான்.

"மச்சானுக்குக் கையெழுத்து வாங்கலேன்னா சோறு எறங்காது."

அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

ஒரு அறைக்கு முத்திரை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் காரியம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது. அந்த அறை வழியாக மட்டுமே போகக்கூடிய இடம் வேறு ஏதும் உண்டா என்று பார்ப்பது இரண்டாவது. புதிதாகச் சேர்ந்த எழுத்தர்களுக்கு நான் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். என் வீட்டில் இரண்டையும் நான் செய்யவில்லை.

பால் ஊற்றும் சடங்கு முடிந்து, அவள் போன மூன்றாம் நாள் எல்லோரும் ஊருக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் இருந்து சாப்பாடு வந்தது. தனியாகச் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன். வலது கை தானாக நீண்டது. பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமல் நான் கை நீட்டுவதும், காம்பு கிள்ளி நரம்பு உரித்துச் சுண்ணாம்பு தடவிய இரண்டு வெற்றிலை அந்தக் கையில் வந்து உட்காருவதும் எங்கள் வீட்டில் தினமும் நடப்பது. கை காற்றில் நின்றது. அப்போதுதான் கொடி ஞாபகம் வந்தது. மாசி வெயில். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை.

உடனே சோழவந்தானுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடம் திறந்தால் போதும், தொட்டியைக் கூடத்துக்கு நகர்த்திவிடலாம் என்றேன். மச்சினன் இழுத்தான். நான் திறந்துவிடுவேன், ஆனால் பெரியக்கா என்னைக் கொன்றுவிடும் என்றான். பெரியக்காவே போனை வாங்கினார். ஐயர் சொன்னதை மீறினால் என்னென்ன நடக்கும் என்று, தெரிந்த நாலு குடும்பங்களை உதாரணம் காட்டி விவரித்தார். நான்தானே எல்லோர் முன்னாலும் தொடக்கூடாது என்று சொன்னேன் என்றும் நினைவூட்டினார். கடைசியில், "கொடி போனாப் போகுது. சோழவந்தான்ல இல்லாத கொடியா?" என்று முடித்தார்.

அது வேறு கொடியாக இருந்தால் எனக்குப் பிரயோசனம் இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கொடியைப் பார்க்கத்தான் கூட்டிவந்தீர்களா என்று கேட்டவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொடி காய்ந்துபோனால், அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு மிச்சம் இருக்கும் காரணம் அந்தப் படிவம் மட்டும்தான். நான் சொன்ன 'ஆமா' உண்மையாவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மொட்டைமாடிக்கு ஏறினேன். பதினெட்டுப் படி, எனக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. மேலே இருந்து குனிந்து பார்த்தால், பால்கனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு எல்லாவற்றையும் மறைத்தது. பின்பக்கம் அடுத்த வீட்டின் ஜன்னல் இல்லாத சுவர். பால்கனிச் சுவரோ நெஞ்சளவு. கீழே இருந்தும் தெரியாது, எதிரே இருந்தும் தெரியாது. ஓஸ் பைப்பை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் சன்ஷேடு விளிம்பில் பட்டு, பால்கனிக்கு வெளியே தெறித்துக் கீழே போனது.

அன்றிரவு அளவெடுத்துப் படம் வரைந்தேன். காலையில் டவுன் பஸ் பிடித்துச் சிம்மக்கல் போய், குழாய்ச் சாமான் கடையில் படத்தை நீட்டினேன். கடைக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எம்புட்டு நீளம்ணே வேணும்?"

ஏழடி, கடைசியில் ஒரு எல்போ, அதன் முனையில் பூவாளித் தலை என்றேன். என்ன வேலைக்கு என்றார். மாடியில் இருந்து கீழே பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற என்றேன். பால்கனிக்குக் கதவு இல்லையா என்றார். இருக்கிறது, பூட்டியிருக்கிறது. சாவி தொலைந்துவிட்டதா? இல்லை, சோழவந்தானில் இருக்கிறது.

அவர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, இந்தப் பைப்புக்குச் சோழவந்தான் பஸ் டிக்கெட்டு கம்மிண்ணே," என்றார்.

வாங்கிய ஏழடிக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே திரும்பினேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. போடலாம். விதி இருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

மறுநாளில் இருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் இருந்தேன். குழாயின் ஒரு முனையில் ஓஸ், மறுமுனை சன்ஷேடைச் சுற்றி உள்ளே வளையும். வயிற்றைக் கைப்பிடிச் சுவரில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, குத்துமதிப்பாகத் தொட்டி இருக்கும் பக்கம் திருப்புவேன். தண்ணீர் எங்கே விழுகிறது என்று தெரியாது. சிமென்ட் தரையில் விழுந்தால் ஒரு சத்தம், மண்ணில் விழுந்தால் சத்தம் அமுங்கிப்போகும். அந்த அமுங்கலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பதிவேடு எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் 'பலன்' என்ற பத்தி கடைசிவரை காலியாகவே இருந்திருக்கும்.

பத்தாம் நாளோ என்னவோ, கீழ்வீட்டு ஆசிரியை படியேறி வந்தார். கணவர் துபாயில் வேலை பார்க்க, தனியாக இருப்பவர். பால்கனியின் வடிதுளைக்கு நேர் கீழேதான் அவருடைய துணிக்கொடி. பக்கத்தில் ஒரு தகரக் கூரை. காய்ந்த துணியெல்லாம் சேறாகிறது என்று சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கும் வாசகங்களைத் தயார் செய்தேன்.

"தண்ணி விழுகுறது பிரச்சினை இல்ல சார். எத்தன மணிக்கு விழுகும்னு சொல்லிட்டீங்கன்னா துணிய முன்னாடியே எடுத்துருவேன்."

வாயால் சொன்னால் போதாதா? நான் எழுதிக் கொடுத்தேன். 'காலை 6.00 முதல் 6.15 வரை' என்று ஒரு தாளில் எழுதி, மாடிப்படிக்குக் கீழே ஒட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்தும் முத்திரையும் இல்லையே சார் என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் நிறைய நாள் வேலை பார்த்தவர்களுக்கு வரும் திறமை அது.

பங்குனி போனது. சித்திரை வந்தது. ஊர் முழுக்கத் திருவிழாவுக்குப் புறப்பட்டது. அழகரைப் பார்க்க எங்கள் தெருவே ஆற்றுக்குப் போன அன்று, வரிசையாகப் பூட்டுத் தொங்கிய வீடுகளுக்கு நடுவில் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இருந்த வருடங்களில் நானும் போனதில்லை. கூட்டம் என்று சொல்லிவிடுவேன். அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்வந்து, கால் வலியோடு கதை சொல்வாள். நான் பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமல் 'உம்' கொட்டுவேன். அந்தக் கதைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. எத்தனை தடவை 'உம்' என்றேன் என்பது மட்டும் தோராயமாகச் சொல்ல முடியும்.

அக்கினி நட்சத்திரத்தில் போர்த்தண்ணீர் இறங்கிவிட்டது. மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில்தான் வரும். அரை வாளியில் குளிக்கப் பழகினேன். அந்த வெயிலில் சிமென்ட் தொட்டி சூடேறி வேர் வெந்துபோகும் என்று எங்கோ படித்து, ஊற்றும் அளவை இரட்டிப்பாக்கினேன். கொடி எப்போதோ செத்துப்போய், வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அடிக்கடி வரும். அப்படி இருந்தாலும் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதால் மறுநாளும் ஏறுவேன்.

அந்த நாட்களில் ஒரு மனிதர் அடிக்கடி நினைவுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தபோது, ஒவ்வொரு திங்கட்கிழமை மனு நாளிலும் வரும் விவசாயி. சர்வே எண் பிசகிப்போன அரை ஏக்கர் விவகாரம். மனு எப்போதோ மேலே போய்விட்டது. வந்து நின்று, "எதும் வந்துச்சாய்யா?" என்பார். இல்லை என்பேன். சரி என்று போய்விடுவார். கோபப்படமாட்டார், கெஞ்சமாட்டார். தகவல் வந்தால் வீட்டுக்கே கடிதம் வரும், எதற்கு வீணாக பஸ் ஏறி வருகிறீர்கள் என்று ஒருநாள் கடிந்துகூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். விவரம் தெரியாத ஆள் என்று நினைத்தேன். பதில் வரும் என்று அவர் வரவில்லை. அந்த நிலத்துக்காக அவரால் செய்ய முடிந்தது வருவது ஒன்றுதான். இது எனக்குப் புரிய, ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்து, ஏழடிக் குழாயோடு வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனியில் இரண்டு நாள் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. ஆறு மணிக்கு விழிப்பு வந்தது, உடம்பு வரவில்லை. முதல் நாள் ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டு ஆசிரியை.

"இன்னைக்குத் தண்ணி வரல சார். நல்லா இருக்கீங்களா?"

இரண்டு நாளும் கஞ்சி கொண்டுவந்தார். அவர் போன பிறகு படுத்தபடியே யோசித்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவர் தினமும் காலையில் தெரிந்துகொள்கிறார். எதனால் என்றால், தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் அழுக்குத் தண்ணீரால். ஓய்வூதியத்துக்கு வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்கிறேன். அதைவிட இது நம்பகமானது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலாம் மாதம் ஒருநாள், குழாய் கைநழுவிப் பால்கனிக்குள் எதன்மீதோ பலமாக மோதியது. என்ன முறிந்ததோ என்று பதறி, நேராகக் கீழே வந்து, சுத்தியலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு பூட்டுக்கு முன்னால் நின்றேன். உடைத்துவிட்டு வேறு பூட்டு வாங்கலாம், பட்டையையும் புதிதாக ஒட்டலாம். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் போலியாகப் போடுவது பெரிய வேலை அல்ல. போலிகளைக் கண்டுபிடித்தே காலம் கழித்தவன். நிற்க நிற்கத்தான் தெரிந்தது, என்னைத் தடுப்பது விதி அல்ல என்று. உள்ளே அந்தக் கட்டில் இருக்கிறது. தலையணையில் அவள் தலை அழுத்திய குழி இருக்கும். ஐயர் விதித்த ஆறு மாதத்தை நான் சபித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் ஒளிந்துகொண்டும் இருந்தேன். சுத்தியலைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைத்தேன்.

ஆவணியில் கெடு முடிந்தது. காலை முதல் பஸ்ஸில் மச்சினன் வந்தான். பெரியக்காவுக்கு முழங்கால் முடியவில்லை. சின்னச் செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொடுத்தனுப்பியிருந்தார். பூட்டுக்கு முன்னால் நின்று, பட்டையைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தான்.

"முத்திரை அப்பிடியே இருக்கு மச்சான். நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு ஏம்மேல கேஸ் போட்றாதீக."

"தெற மாப்ள," என்றேன்.

அறை வெந்நீர்ப் பானை போல மூச்சடைத்தது. கட்டில் இருந்தது. தலையணையில் குழி எதுவும் இல்லை. யாரோ அன்றைக்கே அதைத் தட்டிச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் நான் பயந்த பொருள் அங்கே இல்லவே இல்லை. மருந்து கலக்கிய டம்ளர் மட்டும் அடியில் வெள்ளையாகக் காய்ந்து ஜன்னலில் இருந்தது. மச்சினன் அறையெங்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் பின்கதவின் தாழ்ப்பாளை விலக்கினான்.

கயிறு வெறுமனே தொங்கியது. கம்பியில் இருந்து தொட்டிவரை, வாழைநார் முடிச்சுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. கொடி இல்லை. தொட்டியில் இருந்தது கறுத்துக் கூழாகிப்போன ஒரு தண்டு. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நூற்றெண்பது காலை. அவளுக்குச் சொன்ன பதிலின் கதி இது என்று மட்டும் தோன்றியது.

குழாய்க் கதையைப் போனில் முன்பே கேட்டிருந்த மச்சினன் குந்தி உட்கார்ந்தான். தொட்டிக்குப் பின்னால், பால்கனி மூலையில் கையை விட்டுத் துழாவினான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தான்.

"மச்சான், இத எவன் சொல்லிக் குடுத்தான் ஒங்களுக்கு?"

எதை என்றேன்.

"கொடி எறக்குறத."

கிட்டத்தில் போய்க் குனிந்தேன். தொட்டியில் இருந்து தினமும் வழிந்த மண், வடிதுளையை ஒட்டிய மூலையில் அரையடிக்குச் சேர்ந்திருந்தது. அன்று குழாய் மோதிய அடியில் கயிற்றைவிட்டுச் சரிந்த கொடி அந்தச் சேற்றின்மேல் விழுந்து கிடந்தது. விழுந்த இடத்தில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கியிருந்தது. மூன்று இடத்தில் புதுத் தளிர். சன்ஷேடு நிழலில் இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோலக் கரும்பச்சையாக இருந்தது.

அவன் சொல்லித்தான் தெரியும். கொடிக்காலில் ஓரளவு உயரம் ஏறிய கொடியை அப்படியே விட்டால் அடியில் சத்து அற்றுப்போகும். அதனால் கட்டை அவிழ்த்து, கொடியைக் கீழே இறக்கி, சுருட்டி மண் அணைத்துப் புதைப்பார்கள். புதைத்த கணுவெல்லாம் வேர்விட்டு, புதிதாக ஏறும். ஆள் வைத்துப் பக்குவமாகச் செய்கிற வேலை. இந்த வருடம் இறக்க வேண்டும், நீ வந்து செய்து கொடு என்று என் மனைவி அவனிடம் தைமாதமே சொல்லியிருந்தாளாம்.

"ஒங்க தண்ணிக்குத் தாய்வேரு அழுகிப்போச்சு மச்சான். அம்புட்டுத் தண்ணி ஆகாது. ஆனா அதே தண்ணிதான் விழுந்த கொடிக்கு வேரும் விட வச்சிருக்கு. நாங்க கூலி குடுத்துச் செய்யிற வேலைய நீங்க பாக்காமயே செஞ்சிருக்கீக." சேற்றைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் குரலை மாற்றினான். "மனுசனும் இப்பிடித்தான் மச்சான், கீழ விழுந்தாத்தான்..."

"மாப்ள, வேண்டாம்," என்றேன்.

சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் சொல்ல வந்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. விழுந்ததெல்லாம் வேர்விடுவதில்லை. அதே பால்கனியில் அவளுடைய மல்லிகைச் செடியும் அதே தண்ணீரைக் குடித்துச் செத்துக் கிடந்தது.

அவன் தொட்டியைக் கழுவி, புது மண் போட்டு, வேர்விட்ட துண்டுகளை எடுத்து நட்டான். நான் பக்கத்தில் பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்தேன். அவன் முதுகைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அக்காவை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்பதை, படிவத்தை, அவள் கேட்டதை, நான் சொன்ன பதிலை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் அவனிடம்தான் சொல்ல வேண்டும். அவன் அடித்தாலும் சரி என்றிருந்தது.

அவன் திரும்பாமலே நாரை நனைத்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மச்சான்."

என்ன தெரியும் என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து அக்கா போன் பண்ணுச்சு. 'ஒம் மச்சான் நான் தூங்குறேன்னு நெனச்சு ஏங்கட்டிலுப் பக்கத்துலயே உக்காந்து எனக்குச் சாவுப் பாரம் எழுதுறாரு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு, நல்லதாப் போச்சு, கொடியப் பாத்துட்டுப் போவேன்'னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு." முடிச்சை இறுக்கினான். "'கொடியப் பாக்கத்தான கூட்டியாந்தீகன்னு கேப்பேன். என்ன சொல்றாருன்னு பாப்பம்'னுச்சு."

நான் உள்ளே போனேன். அந்த ஜன்னல் டம்ளரை எடுத்துக் கழுவினேன். வெள்ளை போகவில்லை. வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில் எத்தனை, பதில் தெரிந்தே கேட்டவை என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றுக்காவது சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மச்சினன் கிளம்பினான். படியில் நின்று உத்தரவு போட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது. குழாயை மறந்துவிட வேண்டும். காலையில் ஒரு செம்பு தண்ணீர், அதுவும் தொட்டி ஓரமாக, அதற்குமேல் ஒரு சொட்டு ஆகாது. "வாரேன் மச்சான்," என்று இறங்கியவன், படிக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு மேலே ஒருமுறை பார்த்துப் போனான்.

அன்றைக்கு அந்த அறையில் படுக்கவில்லை. கூடத்தில்தான் படுத்தேன். கதவு மட்டும் திறந்திருந்தது.

மறுநாள் ஆறு மணிக்குச் செம்போடு பால்கனிக்குப் போனேன். அவன் சொன்னபடி ஓரமாக ஊற்றினேன். மண் முழுவதையும் குடித்துவிட்டது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அப்படியே நின்றேன். கீழே ஆசிரியை வீட்டுப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்று தெரிந்தது.

உள்ளே போய் இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தேன். தொட்டியில் படாமல், மூலையில் வடிதுளைக்குள் மெதுவாக ஊற்றினேன். கீழே தகரத்தில் சொட்டும் சத்தம். அதற்கு அடுத்தாற்போல், கொடியில் இருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவும் சத்தம்.